பாதித் தோணி

இரவு பதினொரு மணி இருக்கும். கண்டல் காட்டுக் கால்வாய்... பகலிலேயே யாரும் தனியாகப் போகாத வழி. அதில் ஒரு தோணி வருகிறது. பின்னால் துடுப்புப் போடுகிற ஓர் ஆண். முன்னால் ஒரு பெண். இரண்டு பேருக்கும் நடுவில், படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு நீள மூட்டை. பேச்சே இல்லை. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம், கொசு... அவ்வளவுதான்.

இருங்கள், விளக்கைக் கொஞ்சம் தணித்துவிடுகிறேன். கப்பல் வர எப்படியும் விடிந்துவிடும், எண்ணெயாவது மிஞ்சட்டும். பையன்களா, நெருங்கி உட்காருங்கள், காற்று ஈரமாக வருகிறது. கங்காணி ஐயா, நீங்கள் அசைய வேண்டாம். அந்தக் கவிழ்ந்து கிடக்கிற கட்டை வசதியாகத்தானே இருக்கிறது? நாங்கள் மணலிலேயே உட்கார்ந்து பழகியவர்கள். ரொட்டியை ஆறவிடாதீர்கள். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தது, ஆறினால் கல்லாகிவிடும்.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் உங்களுக்கு ரொட்டி விற்றுக்கொண்டிருக்க மாட்டேன். என் சிநேகிதி டொரிலா இருக்கிறாளே, அவள் தங்கை மிர்த்தாவின் புருஷனுக்கு நடந்தது. பெயர் நோர்வின். அவனே தன் வாயால் மிர்த்தாவிடம் சொன்னான். மிர்த்தா அழுதுகொண்டே டொரிலாவிடம் சொன்னாள். டொரிலா வாயில் எது தங்கும்? மறுநாளே எனக்கு வந்துவிட்டது.

நோர்வினுக்கு உடம்பில் பலம் உண்டு, கையில் தோணி கிடையாது. இந்த மொஸ்கிட்டியாக் கரையில் ரோடு கிடையாது, காயலும் ஆறும்தான் ரோடு. தோணி இல்லாத ஆம்பளை சாகிறவரை இன்னொருத்தர் தோணியில் பின்பக்கம்தான். நோர்வின் பின்பக்கம் உட்கார்ந்தது வால்டனுடைய தோணியில். வால்டன் சிங்கி இறாலுக்கு முக்குளிக்கிறவன். முதுகில் சிலிண்டரோடு அவன் கீழே போவான். மேலே நுரை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் நோர்வின் தோணியை நகர்த்துவான். வால்டன் மேலே வரும்போது தன் இரும்புக் கொக்கியால் தோணியின் அடியில் மூன்று தட்டுத் தட்டுவான். டொக்... டொக்... டொக். நான் வந்துவிட்டேன், தூக்கிவிடு என்று அர்த்தம். இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே தட்டில் வாழைக்காய் தின்றவர்கள்.

அந்தத் தோணி லேசுப்பட்டது இல்லை. ஆற்றுக்கு மேலே, ஆள் இல்லாத காட்டில் வால்டன் மாதக்கணக்கில் தங்கி, ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. அடியில் ஓர் இடத்தில் வெடிப்பு விட்டது. அதை அடைத்தது அவன் பெண்டாட்டி மெல்பா. தன் கல்யாணப் பாவாடையைக் கிழித்துக் கீலில் தோய்த்து வெடிப்பில் திணித்து, மேலே தகரம் வைத்து ஆணி அடித்தாள். மஞ்சள் பாவாடை. ஏன் நல்ல பாவாடையைக் கிழித்தாய் என்று நான்கூடத் திட்டினேன். அவர் உயிர் அதற்கு மேல்தானே அக்கா உட்கார்ந்திருக்கிறது என்றாள்.

ஒரு முறை தோணியோடு இரண்டு பேரும் கப்பலில் போனார்கள், நோர்வின் மட்டும் கரைக்குத் திரும்பி வந்தான். சூறைக்காற்று வந்தது, மச்சானும் போய்விட்டான், தோணியும் போய்விட்டது, நான் காலி பெட்ரோல் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்தேன் என்றான். மீன்பிடிக்கிறவர்கள் யாரோ எடுத்துக் கப்பலில் விட்டார்களாம். வால்டனைத் தேடினார்களா என்று கேட்டோம். காற்று நின்ற பிறகு தேடலாம் என்று கேப்டன் சொன்னாராம். கப்பலில் இருந்த ஆள் பிடிக்கிறவன்தான் வேண்டாம் என்றானாம். சுற்றிக்கொண்டிருந்தால் ஐஸ் உருகிவிடும், இறால் நாறிவிடும் என்றானாம். கப்பல் திரும்பிவிட்டது. அந்த ஆளை எங்களில் யாரும் பார்த்ததில்லை, அவனும் எங்களைப் பார்த்ததில்லை. பெயர் மட்டும் தெரியும். இப்போது வேண்டாம், கதை கெட்டுவிடும்.

உடம்பு இல்லாத சாவு. மெல்பா அவன் சட்டையையும் படுக்கையையும் குழியில் வைத்து மூடினாள். ஒன்பதாம் இரவு ஆவியைப் பிடிக்க எல்லோரும் கூடினோம். வீட்டுக்குள் சுற்றுகிற ஆவி மின்மினியாக வந்து உட்காரும். அதைப் பிடித்துப் பஞ்சில் சுற்றிக் குழியில் கொண்டுபோய் வைத்தால்தான் செத்தவர் கிளம்புவார். எங்கள் ஊரில் அதைச் செய்கிற மந்திரவாதி, சூக்கியா என்போம், க்ளிஃபோர்ட். பகலில் படகு மோட்டார் ரிப்பேர், ராத்திரியில் இது. போதகருக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆனால் அவர் மோட்டாரும் க்ளிஃபோர்டிடம்தான் வர வேண்டும், அதனால் வாயைத் திறக்க மாட்டார்.

க்ளிஃபோர்ட் கூரை ஓலையிலிருந்து ஒரு மின்மினியைப் பிடித்தார். பஞ்சில் வைத்தார். மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது.

"இது வெறும் பூச்சி. ஆளு இதுல இல்ல," என்றார். "அவன் தோணி எங்க?"

செத்தவனுடைய தோணியைக் கோடாலியால் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழிமேல் கவிழ்ப்பது எங்கள் வழக்கம். போகிறவனுக்கு அதுதான் வாகனம். இருக்கிறவர்கள் யாரும் அதில் ஏறக் கூடாது. எல்லோரும் நோர்வினைப் பார்த்தோம். கடல் கொண்டுபோனதுக்கு நான் என்ன செய்ய என்று அழுதான். நாங்களும் சேர்ந்து அழுதோம். முட்டாள்கள்.

அதற்குப் பிறகுதான் தட்டல் ஆரம்பித்தது.

மெல்பாவின் வீடு கால் நட்டு உயர்த்திய வீடு, எல்லா வீடும் போல. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, தரைப் பலகைக்கு அடியிலிருந்து... டொக்... டொக்... டொக். கீழே போய்ப் பார்த்தால் பன்றிகூட இல்லை. கூடவே ஒரு வாடை. கருகின எண்ணெய் வாடை. முக்குளிக்கிறவர்களுக்குத் தெரியும், கப்பலில் சிலிண்டருக்குக் காற்று அடைக்கிற மிஷினின் வாடை அது. நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிறவன் ராத்திரி வாயைத் திறந்தால் அந்த வாடைதான் வரும். வால்டன் பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாதா?

மூன்றாம் தட்டலுக்கு அவர்கள் மகள் நைலா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சின்னக் குழந்தை. "அப்பா தூக்கிவிடச் சொல்றாரு," என்பாள். உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். மருந்து, கஷாயம், ஜெபம், ஒன்றும் கேட்கவில்லை. நாளுக்கு நாள் குழந்தை கரைந்தாள். செத்தவர்கள் முதலில் விரோதியைத் தேடி வருவார்கள் என்று நினைக்காதீர்கள். பாசம் வைத்த இடத்துக்குத்தான் முதலில் வருவார்கள். அதுதான் கொடுமை.

க்ளிஃபோர்ட் ஒன்றுதான் சொன்னார். தோணி கடலில் இல்லை, கடல் கொண்டிருந்தால் அவன் அதிலேயே போயிருப்பான், அது எங்கேயோ மிதந்துகொண்டிருக்கிறது, தேடு என்றார்.

நோர்வின் அதற்குள் காயலுக்கு அக்கரை ஊருக்குக் குடிபோயிருந்தான். ஒரு நாள் உப்பு விற்கிறவள் ஒருத்தி வந்து, நோர்வின் இப்போது சொந்தத் தோணி வைத்திருக்கிறானே, நீலப் பெயின்ட், பெரிய தோணி என்று சொல்லிவிட்டுப் போனாள். மெல்பா அதைக் கேட்டாள். குழந்தையை என்னிடம் விட்டாள். கோடாலியைப் படுக்கை விரிப்பில் சுற்றினாள். காலைப் படகில் ஏறினாள். எங்கே என்று கேட்டதற்கு, அவருக்கு வாகனம் கொண்டுவரப் போகிறேன் என்றாள்.

கங்காணி ஐயா, காலைத் தேய்த்துக்கொள்கிறீர்களே, மரத்துவிட்டதா? நீட்டிக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

அக்கரையில் மெல்பா பகல் முழுக்க மிர்த்தாவின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வாழைப்பழக் கஞ்சி கொடுத்ததைக் குடித்தாள். நன்றாக இருட்டிய பிறகு, குழந்தைக்கு முடியவில்லை, என்னைக் கொண்டுபோய் விடு என்று நோர்வினிடம் கேட்டாள். காலையில் போகலாம் என்று அவன் ஜகா வாங்கினான். மிர்த்தாதான் கரண்டியோடு வெளியே வந்து, "செத்துப்போன மச்சானோட பொண்டாட்டி, காய்ச்சல்ல கெடக்குற புள்ள... ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். நாலு பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் தோணியைத் தள்ளினான். பாவம் மிர்த்தா. அந்த வாய்க்காக இன்றுவரை தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறாள்.

அப்படித்தான் அந்தத் தோணி அந்தக் கால்வாயில் வந்தது.

முன்னால் உட்காருகிறவர்கள் வழியைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். மெல்பா அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள். கால் விரலால் அடிப்பலகையைத் தடவிக்கொண்டே வந்தாள். பெயின்டை எத்தனை பூச்சு வேண்டுமானாலும் பூசலாம்... ஆணித் தலை காலுக்குத் தெரியும்.

கால்வாய் முடிந்து தோணி காயலுக்குள் வந்தது. நிலா இல்லை. கரை தெரியவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் மார்பளவுதான், நீங்களே பார்த்திருப்பீர்கள், வலை போடுகிறவர்கள் நின்றுகொண்டே போடுவார்கள். நடுக்காயலுக்கு வந்தபோது...

டொக்.

கட்டையில் இடித்திருக்கும் என்று நோர்வின் துடுப்பை நிறுத்தினான்.

டொக்... டொக்.

அவனுக்கு நேர் கீழே. உட்கார்ந்த இடத்தில் எலும்புக்குள் அந்தத் தட்டல் ஏறியது என்றான். அப்புறம் வாடை. கருகின எண்ணெய். யாரோ அவன் முகத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து மூச்சு விடுகிற மாதிரி. எங்கிருந்தோ ஒரு மின்மினி வந்தது. அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் மின்மினி வராது. அது வந்து, அவன் பக்கத்துத் தோணி விளிம்பில் உட்கார்ந்து, அணைந்து அணைந்து எரிந்தது.

"கேட்டுச்சா அக்கா?" என்றான்.

"எனக்கு வீட்லயே கேக்குது. ஒனக்கு இன்னைக்குத்தான் கேக்குதா?" என்றாள் மெல்பா. "எங்கால்ல தகரம் படுது நோர்வின். இந்தத் தகரத்துக்கு அடியில மஞ்சத்துணி இருக்கு. பேத்துக் காட்டவா?"

அவன் அழுதுவிட்டான். துடுப்பைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அன்று வால்டன் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்துவிட்டான். ஆழத்துக் காற்று ரத்தத்தில் ஏறி, இடுப்புக்குக் கீழே செத்துவிட்டது. மூன்று தட்டுத் தட்டினான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மச்சான் கால் வரவில்லை, தூக்கு என்றான். கப்பல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. வானம் கருத்துக்கொண்டு வந்தது. நோர்வின் அவனைப் பார்த்தான்... தோணியைப் பார்த்தான். இனி இவன் நடக்கப் போவதில்லை, இவனுக்கு எதற்குத் தோணி என்று தோன்றிவிட்டது. ஒரு நிமிஷம்தான் தோன்றியது என்றான். ஒரு நிமிஷம் போதும்.

தோணியை ஒரு மணல் திட்டில் புதருக்குள் மறைத்தான். கேனைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தான். மாதங்கள் கழித்து ஆமை பிடிக்கிறவர்களோடு போய்க் கொண்டுவந்து பெயின்ட் அடித்தான்.

"நான் தள்ளல அக்கா. சத்தியமா தள்ளல. கைய மட்டும்தான் எடுத்துவிட்டேன்."

மெல்பா மெதுவாகத்தான் கேட்டாள்.

"மொத்தமாவா... ஒவ்வொரு விரலாவா?"

அவள் மூட்டையைப் பிரித்தாள்.

கோடாலியைப் பார்த்ததும் தன்னைத்தான் வெட்டப் போகிறாள் என்று நினைத்தான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கால்களை அகட்டி நின்று, தோணியின் நடுவில் இறக்கினாள். "பாதி அவருக்கு," என்றாள். மறுபடி இறக்கினாள். "மீதி ஒனக்கு." தண்ணீர் பீறிட்டது. எழுந்து போய் அவள் கையைப் பிடிக்க வேண்டியதுதானே? எழப் பார்த்தான். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கையால் தொடையை அடித்தான், கிள்ளினான்... யாருடைய தொடையோ.

தோணி இரண்டானது. அவன் தண்ணீருக்குள் சரிந்தான். சரிகிறபோது விளிம்பைப் பிடித்துக்கொண்டான், மின்மினி உட்கார்ந்திருந்த அதே இடத்தில். உயிரைப் பிடிக்கிற பிடி.

அப்போது அவன் சுண்டுவிரலை யாரோ தூக்கினார்கள்.

மெதுவாக. அவசரமே இல்லாமல். சுண்டுவிரல்... அடுத்த விரல்... அடுத்த விரல். குளிர்ந்த கை என்றான். ஊறிப்போன தோல் என்றான். அவன் தலையைத் திருப்பி மெல்பாவைப் பார்த்தான். அவள் தள்ளி நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு கையும் கோடாலியில் இருந்தது.

மெல்பா முன்பாதியைக் கயிற்றில் கட்டி, மார்பளவுத் தண்ணீரில் நடந்தே இழுத்து வந்தாள். வெளுக்கிற நேரம், இதோ இந்தக் கரையில் ஏறினாள். நான்தான் போய்ப் பிடித்தேன். உடம்பு வெடவெடவென்று ஆடியது, ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நேராகக் குழிக்குப் போய்க் கவிழ்த்தோம். வீட்டுக்கு வந்தபோது குழந்தை உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். அன்றோடு அந்த வீட்டில் தட்டல் நின்றது. நைலா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் என்னைவிட நீளம்.

நோர்வினை இறால் வலை போடுகிறவர்கள் எடுத்தார்கள். வலைக் கம்பில் கழுத்து மாட்டிக் கிடந்தான். உயிர் இருந்தது. காதிலும் மூக்கிலும் ரத்தம். மிர்த்தா விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனாள், நகரத்து ஆஸ்பத்திரிக்கு. அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, எத்தனை ஆழத்திலிருந்து மேலே வந்தான் என்று கேட்டார். மார்பளவு என்றாள். பொய் சொல்லாதே என்று திட்டினார். இது முக்குளிக்கிறவர்களுக்கு மட்டும் வருவது, அதுவும் பெரிய ஆழத்திலிருந்து வந்தவனுக்குத்தான் இப்படி வரும் என்றார். நோர்வின் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட முக்குளித்ததில்லை. அவனுக்குத் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறக்கவே பயம். அவன் வாயில் ஏன் இப்படி எண்ணெய் வாடை வருகிறது என்றும் அந்த டாக்டர் கேட்டார்.

இப்போதும் படுத்துத்தான் கிடக்கிறான். தரையில் படுக்க மாட்டான், தொங்கு படுக்கைதான். பலகையில் காது பட்டால் கத்துகிறான்.

வால்டன் முன்பாதியில் ஏறிப் போய்விட்டான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் நல்லவன். பின்பாதிதான்... அதை நாங்கள் யாரும் தேடவில்லை. அது தானாகவே ஒதுங்கியது. எரிக்கலாமா என்று க்ளிஃபோர்டைக் கேட்டேன். வேண்டாம் என்றார். அப்படியானால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மோட்டாரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊரில் ஒருத்தரும் அதைத் தொடுவதில்லை. நாய்கூட அதன் நிழலில் படுக்காது. வெளியூர் ஆட்கள் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவோம், பாவம் தெரியாதவர்கள் என்று. எல்லோரையும் எழுப்பிவிடுவோம்.

கங்காணி ஐயா, சாயங்காலம் வந்ததும் உங்கள் பெயர் எஸ்தேபான் என்று சொன்னீர்களே. எந்தெந்தக் கப்பலுக்கெல்லாம் ஆள் பிடித்தீர்கள் என்று பெருமையாகச் சொன்னீர்களே. ஐஸ் உருகுவதற்கு முன் கப்பலைத் திருப்புவதில் உங்களை அடிக்க ஆள் கிடையாது என்று சிரித்தீர்கள். இந்தப் பையன்கள் யாரும் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? அந்தக் கட்டையில் நீங்கள் உட்காரப் போனபோது ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

உங்கள் குதிகாலுக்குப் பக்கத்தில் மணலைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். விளிம்பு தெரியும். நீலப் பெயின்டுக்கு அடியில் மரத்தில் நாலு கோடு இருக்கும், நகம் இறங்கின கோடு. அது வால்டனுடையது. பக்கத்தில் பெயின்டைக் கீறிக்கொண்டு இன்னொரு நாலு, அது நோர்வினுடையது. அதற்கும் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பயந்தால் எழுந்து வாருங்கள், இதோ மணலில் உட்காரலாம். யாரும் உங்களைப் பிடித்து வைக்கவில்லையே.

எழுந்திருங்கள் ஐயா.

...

மெல்பா, அந்த விளக்கை எடுத்துக்கொண்டு இப்படி வா. ஐயாவுக்குக் கால் வரவில்லையாம்.